கடவுள் அன்பானவர் என்றால் மனிதர்கள் ஏன் அவரை வேண்டாம் என்கிறார்கள்? நம்பினால்தான் இரட்சிப்பு என்பது நியாயமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. கடவுள் இவ்வளவு அன்பானவர் என்றால் மனிதர்கள் ஏன் அவரை ஒதுக்குகிறார்கள் என்பது ஒன்று. நம்புகிறவனுக்கு மட்டும்தான் இரட்சிப்பு என்பது என்ன நியாயம் என்பது இன்னொன்று. அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் தாத்தா கடைசிவரை கோயில் (நாங்கள் சர்ச்சை அப்படித்தான் சொல்வோம்) பக்கமே வராமல் இறந்தார். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஒருவர் "அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார்" என்று உங்களிடம் சொன்னார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் தேரி மணலை ஒட்டிய ஒரு ஊரில், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, ஓய்வுநாள் பள்ளியில் வசனம் மனப்பாடம் செய்து வளர்ந்தவன். என் வீட்டில் நடந்ததிலிருந்துதான் எனக்கு இது புரிந்தது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பக்கம் அடகு வைத்த நகையை மீட்பதைத் 'திருப்புவது' என்போம். "செயினைத் திருப்பியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நாங்கள் இரட்சிப்பு என்பதைக் கத்தோலிக்கர்கள் மீட்பு என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். மாற்கு 10:45இல் இயேசு, தம் ஜீவனை "அநேகரை மீட்கும் பொருளாக" கொடுக்க வந்ததாகச் சொல்கிறார். அந்தக் காலத்தில் அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கட்டிய பணத்துக்கான சொல் அது. அடகுக் கடைக்குள் இருக்கும் நகை தானாக எழுந்து வீட்டுக்கு வராது. யாராவது பணத்தோடு போய்த் திருப்ப வேண்டும்.

1993இல் அப்பாவின் பலசரக்குக் கடை நொடித்துப்போனது. அம்மாவின் ஐந்து பவுன் ரெட்டைவடச் சங்கிலி அடகில் இருந்தது. வட்டி கட்ட முடியாமல் நகை முழுகப் போகிறது என்று ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. அந்த நேரம் பம்பாயிலிருந்து பெரியப்பா விடுமுறைக்கு வந்திருந்தார். அப்பா ஊரில் இல்லாத ஒரு நாள், அம்மாவையும் அடகுச் சீட்டையும் கூட்டிக்கொண்டு போய், முதலும் வட்டியும் கட்டிச் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரோஸ் நிறத் தாளில் மடித்த அந்தப் பொட்டலம் அம்மாவின் கையில் இருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் அன்று இரவு சாப்பிடவில்லை. "எங்க அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கப்புறம் பெரியப்பா வீட்டுப் படி ஏறவில்லை. ஒரு தடவை ஐநூறு ரூபாயைக் கவரில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டார். பெரியப்பா அதைப் பிரிக்கக்கூட இல்லை. என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டு, "கடன்னு யாருடே சொன்னா? உங்கப்பாவை வீட்டுக்கு வரச் சொல்லு, அது போதும்" என்றார். நான் வந்து சொன்னேன். அப்பா கவரை வாங்கிக்கொண்டார், பதில் பேசவில்லை.

சங்கிலி பீரோவுக்குள் போயிற்று. போட்டால் அப்பா மனம் புண்படும் என்று அம்மா அதை ஒரு கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. திருப்பியாகிவிட்ட நகை, ஆனால் கழுத்துக்கு வரவில்லை. இப்படிப் பதினொரு வருடம்.

என் அப்பாவுக்குப் பெரியப்பாமேல் வெறுப்பு என்று நான் நினைக்கவில்லை. அண்ணன் கெட்டவர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவரால் தாங்க முடியாமல் போனது, திருப்பிக் கொடுக்கவே முடியாத ஒன்றை வாங்கிக்கொண்டவனாக நிற்பதைத்தான். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. கடவுள் கேட்பது கடினமாக இருப்பதால் மட்டும் மனிதன் விலகுவதில்லை. அவர் கொடுப்பதும் கடினமாக இருக்கிறது. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" என்று ரோமர் 5:8 சொல்கிறது. நாம் கேட்பதற்கு முன்னே, திருந்துவதற்கு முன்னே, நம்மைக் கலந்துகொள்ளாமல் அவர் போய்ப் பணம் கட்டிவிட்டார். நம் பங்கு என்று காட்ட அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. இது மனிதனுடைய மானத்தைத் தொடுகிறது.

வேதாகமத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஆதாம் மரங்களுக்குள்ளே ஒளிந்துகொள்கிறான். "நீ எங்கே இருக்கிறாய்" என்று தேடி வருகிறவர் கடவுள். இஸ்ரவேலர் எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்கும்போது, "அவர்கள் உன்னைத் தள்ளவில்லை... என்னைத்தான் தள்ளினார்கள்" என்று கடவுள் அவரிடம் சொல்கிறார். எனக்கு எப்போதும் மனதில் நிற்பது எரேமியா 2:13. ஜீவத்தண்ணீரின் ஊற்றாகிய என்னை விட்டுவிட்டு, தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளைத் தங்களுக்கு வெட்டிக்கொண்டார்கள் என்று கர்த்தர் புலம்புகிறார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. கோடையில் வெடிப்பு விட்ட தொட்டியில் குடம் குடமாக ஊற்றிவிட்டு, காலையில் போய்ப் பார்த்தால் ஈரம் மட்டும் இருக்கும். பூசிப் பார்ப்போம், மறுபடி ஊற்றுவோம். நானே வெட்டிய தொட்டி என்கிற ஒரே காரணத்துக்காக அதை விடவும் மனம் வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுவிசேஷங்களில் இயேசுவைத் தள்ளியவர்கள் யார்? வேதபாரகர், பிரதான ஆசாரியர், பரிசேயர் என்று அந்தக் காலத்து மதத் தலைவர்கள். "அவர் தமக்குச் சொந்தமானதிலே வந்தார், அவருக்குச் சொந்தமானவர்களோ அவரை ஏற்றுக்கொள்ளவில்லை" என்கிறார் யோவான். இதை வைத்து யூத மக்களைப் பழித்தது சபை வரலாற்றில் பெரிய பாவம். இயேசுவும் யூதர், அவரைப் பின்பற்றிய முதல் ஆட்களும் யூதர்கள். அந்த வசனம் இன்றைக்குக் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பற்றியது. லூக்கா 15இல் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த ஊதாரி மகனை மட்டும் பேசிவிட்டு விட்டுவிடுகிறோம். அந்தக் கதையின் கடைசியில், தம்பிக்கு விருந்து நடக்கிற வீட்டுக்கு வெளியே நிற்பவன் மூத்தவன். இத்தனை வருஷமாய் உழைத்தேனே, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி உண்டா என்று கேட்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. கதை அப்படியே நின்றுவிடுகிறது.

சரி, நம்பினால்தான் இரட்சிப்பா? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன், பிரசங்கிக்கிறவர்களையும் சேர்த்துத்தான். விசுவாசத்தை நுழைவுச்சீட்டுக்கான விலை மாதிரி பேசுகிறோம்: நீ நம்பு, பதிலுக்கு அவர் பரலோகம் தருவார். அப்படியானால் அதுவும் வியாபாரம்தான். எபேசியர் 2:8 அப்படிச் சொல்லவில்லை. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது. பணம் கட்டியாகிவிட்டது. விசுவாசம் என்பது பொட்டலத்தை வாங்க நீட்டும் கை.

இதைப் பற்றிச் சபைக்குள் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. மனிதன் தன் முயற்சியாலேயே கடவுளுக்குப் பிரியமாக வாழ முடியும் என்று போதித்த பெலாகியுஸ் என்ற துறவியை எதிர்த்து, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன் பல வருடம் எழுதினார். 418இல் கார்த்தேஜ் நகரத்தில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாகியுசின் போதனையைத் தள்ளியது. பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர் காலத்தில் மேற்கத்திய சபை உடைந்ததற்கும் நடுக்காரணம் இதே கேள்விதான். உடைந்தவர்கள் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கூடி, நம்முடைய தகுதியால் ஏதும் இல்லை, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஒத்துப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். நானூற்று எண்பது வருடம் கழித்து! இந்தச் செய்தி நம் ஊர்ப் பிரசங்க மேடைகளில் இன்னும் அதிகம் பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

நீட்டுகிற கை நடுங்கினால்? நடுங்கட்டும். மாற்கு 9இல் நோய்ப்பட்ட மகனோடு வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். நானும் பல நாள் இந்த ஜெபத்தைத்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் தாத்தா.

கோயில் பக்கம் வராதவர்கள் எல்லாரும் கடவுளைத் தள்ளியவர்கள் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. அவர்களில் சிலர் தள்ளியது எங்களை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்கச் சுவர் எழுப்பியவர்கள் கிறிஸ்தவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவைப் புதைத்தவன், இந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவிக்கிற இயேசுவை எப்படிப் பார்ப்பான்? கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏட்டில், கடவுள் மறுப்பு தோன்றுவதில் விசுவாசிகளுக்கும் சிறிய பங்கல்லாத பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். அதே சங்கம் 1964இல் வெளியிட்ட இன்னொரு ஏட்டில், தங்கள் குற்றம் இல்லாமல் கிறிஸ்துவை அறியாமல் போனவர்கள், உண்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டிய வழியில் நடந்தால் அவர்களும் இரட்சிப்பு அடையலாம் என்றும் சொல்லியிருக்கிறது. இதை ஒத்துக்கொள்ளாத கிறிஸ்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் ஒத்துக்கொள்கிறேன். என்னைத் திருப்பியவர் இயேசு ஒருவர்தான். அவர் வேறு யாருக்கெல்லாம் பணம் கட்டியிருக்கிறார் என்ற கணக்குப் புத்தகம் என் கையில் இல்லை.

நரகமே இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். கடைசிவரை வேண்டாம் என்று சொல்லும் சுதந்தரம் மனிதனுக்கு இருக்கிறது என்றே நம்புகிறேன். ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது இயேசுவின் குரல் எப்படி இருந்தது என்று பாருங்கள். கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழே சேர்ப்பதுபோல் எத்தனை தரமோ உன் பிள்ளைகளைச் சேர்க்க மனதாயிருந்தேன், "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று எருசலேமைப் பார்த்துச் சொல்கிறார். பிள்ளையைப் பறிகொடுக்கிறவரின் பேச்சு அது. கல்லறைத் தோட்டத்து வாசலில் உங்களிடம் பேசியவர் அந்தக் குரலில் பேசவில்லை. அவர் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, திருந்தி வாழ்ந்து காட்ட ஒரு நாளும் இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வார்த்தை அவனுக்குக் கிடைத்தது. பக்கத்துச் சிலுவையில் இருந்தவரைத் தவிர அவன் கடைசி நேரத்துக்குக் கணக்குச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. உங்கள் தாத்தாவின் கடைசி நேரமும் அப்படித்தான்.

மறுதலித்தவர்களை அவர் என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ள நான் போகிற இடம் இயேசுவின் சீடன் பேதுரு. யோவான் 18இல், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே, அவரைத் தெரியாது என்கிறான் பேதுரு. மூன்று தடவை. 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசு திபேரியா கடற்கரையில் மறுபடியும் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டு வைத்திருக்கிறார். கிரேக்க மூலத்தில் கரிநெருப்பு என்ற அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுக்க இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. அதே புகை வாசனை பேதுருவின் மூக்கில் ஏறியிருக்கும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இயேசு கேட்கவில்லை. அவர் சொன்னது, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." அப்புறம்தான், நீ என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை.

எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். கோயில் வளாகத்தில் அண்டா அண்டாவாகப் பொங்கி, ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். அப்பா ஒவ்வொரு வருடமும் குழம்பு வாளி தூக்குவார். பெரியப்பா உட்கார்ந்த வரிசை நெருங்கும்போது வாளியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வேறு வரிசைக்குப் போய்விடுவார். 2004இல் வாளியைக் கைமாற்றவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, அவரும் சொன்னதில்லை. பெரியப்பாவின் இலைக்கு முன்னால் வந்து, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா சோற்றில் குழி பண்ணிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நல்லா ஊத்துடே, பசிக்கு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சங்கிலியைப் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்தார்கள்.