அசீரியர் பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். கோயம்புத்தூர் பொண்ணு, சிட்னி வந்து பதினோரு வருஷம் ஆச்சு, ஃபேர்ஃபீல்ட் பக்கம் வீடு, அந்த ஏரியால அசீரியர்கள் நிறைய. ஆறு வருஷமா சனிக்கிழமைல அவங்க பசங்களோட உட்கார்ந்து பழைய போட்டோ, கேசட், கல்யாண வீடியோ எல்லாம் ஸ்கேன் பண்ணி, பேர் ஊர் போட்டு ஆன்லைன்ல ஏத்துற வேலை பார்க்கிறேன். சம்பளம்லாம் கிடையாது, டீயும் கிலேச்சா பிஸ்கட்டும் உண்டு.

அக்கா, அசீரியன்னா ஸ்கூல் புக்குல வர்ற பழைய சாம்ராஜ்யம்தானே? இப்பவும் அந்த ஆளுங்க இருக்காங்களா?

இருக்காங்க தம்பி. கி.மு. 612ல தலைநகர் நினிவே விழுந்ததும் புக்குல பாடம் முடிஞ்சிடும், ஆனா ஜனங்க அங்கேயேதான் இருந்தாங்க, கிறிஸ்தவம் வந்தப்போ ரொம்ப ஆரம்பத்துலயே ஏத்துக்கிட்டாங்க. வட ஈராக்ல நினிவே சமவெளி, துருக்கில ஹக்காரி, தூர் அப்தீன், ஈரான்ல ஊர்மியா, சிரியால காபூர் ஆத்தங்கரை, இதெல்லாம் அவங்க மண். 1915ல நடந்த இனப்படுகொலையை சைஃபோன்னு சொல்வாங்க, வாள்னு அர்த்தம். 1933 ஆகஸ்ட்ல வட ஈராக்ல சிமேலே படுகொலை, அப்புறம் 2014ல ஐஎஸ் தீவிரவாதிங்க, இப்படி அடி மேல அடி வாங்கி சிகாகோ, டெட்ராய்ட், ஸ்வீடன், சிட்னின்னு சிதறிட்டாங்க. ஒரே கிராமத்து ஜனம் நாலு நாட்டுல இருக்கு, அதனால அவங்க ஒண்ணா கூடுற இடமே இப்ப பெரும்பாலும் ஆன்லைன்தான்.

பேசுறது அரபியா?

இல்லைங்க, சூரெத். இயேசு பேசின அராமிக் இருக்கே, அந்தக் குடும்பம். தூர் அப்தீன்காரங்க பேசுறது துரோயோ. எழுத்துக்குப் பேரு சுரியானி, 22 எழுத்து, வலப்பக்கமிருந்து எழுதணும். சர்ச் பாஷை மட்டும்தான்னு சிலர் நினைக்கிறாங்க, ஆனா 1849லயே ஊர்மியால பேச்சு மொழில பத்திரிகை வந்திருக்கு, ‘சஹ்ரீரே த்பஹ்ரா’ன்னு பேரு, ஒளிக்கதிர்கள், 1918 வரைக்கும் ஓடுச்சு.

வட்டாரத்துக்கு வட்டாரம் பேச்சு மாறும். வீட்டை ஊர்மியாக்காரங்க ‘பேதா’ம்பாங்க, அதுவும் நாக்கை மடக்காம இங்கிலீஷ் T மாதிரி, நினிவே சமவெளில இருக்கிற அல்கோஷ்ல நாக்கை பல்லுக்கு நடுவுல வச்சு காத்து விட்டு சொல்வாங்க, ஹக்காரில தியாரி மலைப்பக்கம் சில பேர் ‘பேஷா’ம்பாங்க. ஒரு கேசட்ல யாரு பேசுறதுன்னே தெரியாம மூணு மாசம் கிடந்துச்சு, ஒரு பாட்டி வந்து ஹெட்போனை மாட்டி அரை நிமிஷம் கேட்டாங்க, ‘பேஷா’ன்னு வந்த உடனே கையைத் தூக்கிட்டாங்க, "இது எங்க பக்கத்து ஆளு"ன்னு. எந்த சாஃப்ட்வேரும் அதைச் செய்யாது.

அந்த எழுத்தை கம்ப்யூட்டர்ல எப்படி அடிக்கிறாங்க?

எல்லா மெஷின்லயும் எழுத்து ஒரே மாதிரி தெரிய யூனிகோட்னு ஒரு பொதுக் குறியீட்டு முறை இருக்கே, 1999ல அதோட 3.0 பதிப்புல சேர்ந்துச்சு. அதுக்கு முன்னாடி நம்ம பாமினி காலம் மாதிரிதான், ஆளுக்கொரு ஃபாண்ட், இவங்க அனுப்பினது அவங்க மெஷின்ல வெறும் கோடும் புள்ளியுமா தெரியும். யூனிகோட்ல சேர்க்கச் சொல்லி ஜார்ஜ் கிராஸ், சார்கோன் ஹஸ்ஸோ, பால் நெல்சன் மூணு பேரும் எழுதிக் கொடுத்தாங்க, அப்புறம் கிராஸ் ஆரம்பிச்ச பெத் மர்தூதோ நிறுவனம் மெல்தோன்னு ஃபாண்ட் தொகுப்பையே இலவசமா விட்டுச்சு. இப்ப போன்லயே அடிக்கலாம். ஆனாலும் சின்னப் பசங்க சாட்ல ‘ஷ்லாமா’வை, அதாவது வணக்கத்தை, இங்கிலீஷ் எழுத்துலதான் தட்டுறாங்க, நம்ம தங்கிலீஷ் கதைதான்.

நான் பாலக்காடு. எங்க ஊர் சுரியானி கிறிஸ்தவங்களுக்கும் இவங்களுக்கும் தொடர்பு இருக்கா சேச்சி?

நல்லா கேட்டீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. திருச்சூர்ல இருக்கிற கல்தாய சுரியானி சபை இருக்கே, அது அசீரியக் கிழக்குத் திருச்சபையோட இந்தியக் கிளைதான். 2025ல மறைஞ்ச மார் அப்ரேம் 1968லேர்ந்து ரொம்ப வருஷம் அங்க மெட்ரோபாலிட்டனா, அதாவது தலைமை பிஷப்பா இருந்தார், அங்க உள்ள மார் நர்சாய் அச்சகத்துல சுரியானி புத்தகங்கள் அச்சாகி இருக்கு.

இன்னொண்ணு, மலையாளத்தையே சுரியானி எழுத்துல எழுதின காலம் உண்டு. ஆனா அந்த எழுத்துல ழ, ள, ண, ற எல்லாம் கிடையாதே, அதுக்காக மலையாளத்துலேர்ந்து எழுத்து கடன் வாங்கி சேர்த்துக்கிட்டாங்க. 2017ல யூனிகோட் 10.0 வந்தப்போ அந்த 11 எழுத்துக்கும் இடம் கிடைச்சிருச்சு. சுரியானி எழுத்து வரிசைக்குள்ள ஒரு ‘ழ’ உட்கார்ந்திருக்கு! அதை ஸ்க்ரீன்ல காட்டினப்போ இங்க எங்க டீம்ல இருக்கிற பையன் திரும்பத் திரும்ப சொல்லிப் பார்த்தான், அவனுக்கு வரல, ஆனா அவனுக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஐஎஸ் உடைச்சதெல்லாம் போனது போனதுதானா?

கல்லு போச்சு, பழைய அசீரியத் தலைநகர் நிம்ருத்தோட அரண்மனையை 2015ல வெடி வச்சே தகர்த்தாங்க. மோசூல் மியூசியத்துல உடைச்ச வீடியோ வந்தப்போ ரெண்டு ஆராய்ச்சி மாணவர்கள் ‘ப்ராஜெக்ட் மோசூல்’னு ஆரம்பிச்சு, அங்க போயிருந்தவங்க எடுத்த போட்டோவை எல்லாம் கேட்டு வாங்கி, ஒரே சிலையை பல கோணத்துல எடுத்த படங்களைச் சேர்த்து முப்பரிமாண மாடல் செஞ்சாங்க. அந்த மியூசியத்துல உடைஞ்சதுல நிறைய ஹத்ரா ஊர்ச் சிலைகள், அது அசீரிய சாம்ராஜ்யம் விழுந்து ரொம்ப காலம் கழிச்சு வந்த ஊர், அதனால எல்லாமே அசீரியக் காலம்னு ஷேர் பண்றது சரியில்ல.

சுவடி விஷயத்துல ஈராக் பாதிரியார் ஃபாதர் நஜீப் மிக்காயேலைச் சொல்லியே ஆகணும். 1990லேர்ந்து கையெழுத்துச் சுவடிகளைப் படம் எடுத்து வச்சவர். 2014 ஆகஸ்ட்ல நினிவே சமவெளில இருக்கிற காரகோஷ் ஊர் ஐஎஸ் கைல விழுற நேரத்துல சுவடிகளை வண்டில ஏத்தி எர்பில் கொண்டு போய்ட்டார். இப்ப அவரே மோசூல் பேராயர்.

அசீரியன், கல்தேயன், சிரியாக், அராமியன்னு கமெண்ட்ல சண்டை போடுறாங்களே, எது சரி?

அந்தச் சண்டைல விக்கிப்பீடியா பக்கங்களே பலமுறை ரணகளம் ஆயிருக்கு. சபை வாரியா, ஊர் வாரியா பேர் மாறுது, உள்ளுக்குள்ள ‘சூராயே’ இல்லைன்னா ‘சூர்யோயே’ன்னு சொல்லிக்கிறாங்க. நாங்க படத்தோட விவரம் எழுதுற படிவத்துல இனம்னு ஒரு கட்டமே வைக்கல, குடும்பம் என்ன சொல்லுதோ அப்படியே எழுதிடுவோம். வெளியாளா நான் திருத்துறது தப்புன்னு நினைக்கிறேன்.

ஏப்ரல் 1 புத்தாண்டாமே?

ஆமா, அகீத்து. 2025 அவங்களுக்கு 6775.

மொழி தெரியாதவங்க உதவ முடியுமா அக்கா?

தாராளமா. ஸ்கேன் பண்ணலாம், ஒரே படம் ரெண்டு தடவை ஏறியிருந்தா கண்டுபிடிக்கலாம், ஊர் பேரை மேப்ல குறிக்கலாம். ஆனா குடும்பத்தைக் கேட்காம எதையும் பப்ளிக்கா போடாதீங்க, சொந்தக்காரங்க இன்னும் ஈராக்லயும் சிரியாலயும் இருக்காங்க, ஒரு முகம் வெளிய வர்றதே ஆபத்தாகலாம்.

அப்புறம் போட்டோவோட பின்பக்கம். ஆரம்பத்துல ஒரு வீட்டு ஆல்பம் முழுக்க முன்பக்கம் மட்டும் ஸ்கேன் பண்ணி திருப்பிக் கொடுத்துட்டேன். பின்னாடி பென்சில்ல யாரோ சின்னச் சின்னதா எழுதியிருந்தாங்க, எனக்குப் படிக்கத் தெரியாதுங்கிறதால முக்கியம்னு தோணல. நாலு மாசம் கழிச்சு ஆல்பத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். அந்த எழுத்துல ஒரு கல்யாணத்துல நின்ன பதினாலு பேரோட பேரும் வரிசையா இருந்துச்சு, ஆனா வேர்வை பட்டு ரெண்டு பேர் அழிஞ்சிருந்துச்சு, அடையாளம் சொல்லக்கூடிய தாத்தா அதுக்குள்ள தவறிட்டார். இப்ப எங்க ஸ்கேனர் மேல பெருசா ஒரு சீட்டு ஒட்டியிருக்கோம், ‘மொதல்ல திருப்பு’ன்னு.