கேள்வி – பதில்: அன்னாசி ஏன் ஒரு நாள் இனிக்கிறது, ஒரு நாள் புளிக்கிறது?

கேள்வி: ஒரே கடையில் வாங்கும் அன்னாசி ஒரு முறை தேனாக இனிக்கிறது, அடுத்த முறை, அதைவிடப் பெரிய பழமாகத் தேர்ந்தெடுத்தும் புளிக்கிறது. இது ரகத்தின் வேறுபாடா, விளையும் இடத்தின் வேறுபாடா?
– வாசகி, சேலம்

பதில்: இரண்டும்தான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ரகம். பெரிய பழம் என்றாலே இனிப்பான பழம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அன்னாசியில் அந்தக் கணக்குச் சரிவராது.

நம் சந்தைக்கு வருபவற்றுள் பெரியது கியூ. இரண்டு, மூன்று கிலோ வரை எடை இருக்கும். கண்கள் அகலமாகவும் ஆழமின்றியும் இருப்பதால் தோல் சீவுவது எளிது. வெளிர்மஞ்சள் நிறச் சதையில் சாறு மிகுதி, புளிப்பும் சற்றுத் தூக்கலாக இருக்கும். அசாம், மேகாலயம், வடவங்கம் ஆகிய பகுதிகளில் இது பரவலாக விளைகிறது. குயீன் இதற்கு நேர்மாறானது: ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள சிறிய பழம், முள் நிறைந்த இலைகள், கத்தியின் நுனியால் தோண்டி எடுக்க வேண்டிய ஆழமான கண்கள், ஆனால் பொன்மஞ்சள் சதை மொறுமொறுப்பும் நல்ல மணமும் இனிப்பும் கொண்டது. திரிபுராவின் குயீன் 2015-இல் புவிசார் குறியீடு பெற்றது. குயீன் வகையைச் சேர்ந்த மொரீஷியஸ் ரகம்தான் கேரளத்து வாழக்குளத்தின் பெருமை. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. தமிழ்நாட்டில் கொல்லிமலையிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராகவும் அன்னாசி விளைகிறது.

துண்டு போட்டு அப்படியே சாப்பிட விரும்புவோர் குயீன், மொரீஷியஸ் ரகங்களையே நாடுவார்கள். என் விருப்பமும் அதுவே. சாறு பிழியவும் ரசம் வைக்கவும் கியூவே சிறந்தது, ஏனெனில் அதன் புளிப்பு அங்கே குறையாகாமல் சுவையாகிறது. ஒரே ரகமும் நல்ல வெயிலில் முதிர்ந்தால் இனிக்கும். குளிர்ந்த, மேகமூட்டமான நாட்களில் முதிர்ந்தால் புளிக்கும்.

கேள்வி: காயாக இருப்பதை வாங்கி, வீட்டில் வைத்துப் பழுக்க விடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பயனில்லை. மா, வாழைபோல் அறுத்தபின் சர்க்கரையாக மாறுவதற்கு அன்னாசிக்குள் மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. தோல் மஞ்சளாகும், சதை மென்மையாகும், இனிப்பு மட்டும் கூடாது. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், அடிப்பாகத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இனிய மணம் வர வேண்டும், புளித்த வாடை வந்தால் பழம் பக்குவம் கடந்துவிட்டது என்று பொருள். அடிப்பக்கமே முதலில் முதிர்வதால், கொண்டைப் பக்கத்தைவிட அங்கே இனிப்பும் அதிகம்.

கேள்வி: அன்னாசி சாப்பிட்டால் நாக்கு அரிப்பது ஏன்?
– வாசகி, கோவை

பதில்: புரதத்தைச் சிதைக்கும் புரோமலின் என்னும் நொதியே முக்கியக் காரணம். சூடு பட்டால் அது செயலிழக்கும். ஆகவே வேகவைத்த அன்னாசியில் அந்த அரிப்பு இருப்பதில்லை.