பழைய கேம்பர் டிரெய்லரை வீட்டிலேயே குடும்பமாகச் சேர்ந்து புதுப்பிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். கேம்பர் டிரெய்லர் என்றால் காரின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு மாதிரியான வண்டி. 1960-களில் செய்த டிரெய்லர் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறதாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள், யாருக்கும் தச்சுவேலை தெரியாது. வாங்கலாமா, வாங்கினால் எதில் தொடங்குவது, எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறார்.

முடியும். நாங்கள் ஒஹையோவில் இருக்கிறோம். 60-களின் நடுவில் செய்த ஷாஸ்டா என்ற கம்பெனியின் பதினாறு அடி டிரெய்லர் ஒன்றை எங்கள் டிரைவ்வேயில் வைத்தே புதுப்பித்தோம், என் கணவருக்கும் எனக்கும் அதற்கு முன் மரவேலை பழக்கம் கிடையாது. ஆனால் பெயின்ட் நிறம், திரைச்சீலை, குஷன் துணி என்று யோசித்துக்கொண்டு இதற்குள் இறங்காதீர்கள். இந்த வேலையில் முக்கால்வாசி தண்ணீரோடு நடக்கும் சண்டை. இத்தனை வருடமாக மழை எந்த வழியாக உள்ளே போனது, போய் எந்தக் கட்டையை மக்க வைத்தது, இனிமேல் போகாமல் எப்படித் தடுப்பது, இதற்கு விடை கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஏன் என்றால் அந்த வண்டிகளைக் கட்டிய விதம் அப்படி. ஷாஸ்டா, ஸ்காட்டி போன்ற உருண்டை முதுகு வண்டிகளை, அதாவது இறைச்சி டப்பா போல இருப்பதால் கேன்ட் ஹாம் என்று சொல்கிற ரகத்தை, உள்ளேயிருந்து வெளியே கட்டிக்கொண்டு வந்தார்கள். இரும்புச் சட்டத்தின் மேல் பிளைவுட் தரை, அதன் மேல் மெல்லிய பிர்ச் பிளைவுட் சுவரும் அலமாரிகளும், சுவருக்கு வெளிப்பக்கம் ரீப்பர் கனத்தில் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே வயரும் கண்ணாடிப் பஞ்சும், கடைசியாக எல்லாவற்றையும் மூடி அலுமினியத் தகரம். அலமாரியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூகூட வெளிப்பக்கத்திலிருந்துதான் வரும், அதன் தலை தகரத்துக்கு அடியில் மறைந்திருக்கும். எனவே உள்ளே நின்றுகொண்டு எவ்வளவு ஒட்டுப்போட்டாலும் மக்கிய கட்டை அப்படியேதான் இருக்கும்.

இதில் எங்களுக்கு ஒரு பெரிய பலம் இருந்தது. என் மாமனார் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்தக் கோடையில் ஆறு மாதம் எங்களோடு தங்க வந்திருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தகரத்தக் கழட்டுனாத்தான் தெரியும் கண்ணு, மேல தடவறதெல்லாம் வேலைக்கு ஆகாது” என்றார். பஸ்ஸில் பீடிங், அதாவது தகரத்தின் விளிம்பை மூடும் பட்டை, எப்படி உட்காரும், ரிவிட் எப்படி எடுப்பது, தகரத்தை நெளியாமல் எப்படித் தூக்குவது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் பாதகமில்லை, அவர் சொன்னதை எல்லாம் கீழே எழுதுகிறேன்.

முதலில் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது. முன் ஜன்னலுக்கும் பின் ஜன்னலுக்கும் கீழே இருக்கிற மூலைகளைக் கட்டை விரலால் அழுத்துங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே கட்டை போய்விட்டது. கட்டிலுக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்து டார்ச் அடியுங்கள், அங்கே யாரும் பெயின்ட் அடித்து மறைத்திருக்க மாட்டார்கள், கறுப்புக் கறையும் பூஞ்சை வாசனையும் உண்மையைச் சொல்லிவிடும். உள்ளே முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தால் அதிகமாகச் சந்தேகப்படுங்கள். அப்புறம் மண்டியிட்டு அடியில் பாருங்கள். இரும்புச் சட்டத்தில் மேலோட்டமான துரு இருந்தால் பரவாயில்லை, சுரண்டி பெயின்ட் அடிக்கலாம். பின்பக்கத்திலோ இழுக்கும் கொக்கி பக்கத்திலோ ஏடு ஏடாக உரிந்து வந்தால் வெல்டிங் வேலை காத்திருக்கிறது. டயரில் எவ்வளவு பட்டன் மிச்சம் என்று பார்க்காமல் வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பழைய டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் நெடுஞ்சாலையில் வெடிக்கலாம். சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணும் வண்டியின் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பத்திரம் வேண்டுமா வேண்டாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதை உங்கள் ஊர் மோட்டார் வாகன அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏர்ஸ்ட்ரீம் என்ற வெள்ளி நிற அலுமினிய டிரெய்லர் கிடைத்தால் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அழகான வண்டி, ஆனால் அது வேறு கைவேலை. அலுமினிய எலும்புக்கூட்டில் ஆயிரக்கணக்கான ரிவிட் அடித்த ஓடு, தரை ஓரம் மக்கினால் சில சமயம் அந்த ஓடு முழுவதையுமே சட்டத்திலிருந்து தூக்க வேண்டிவரும். முதல் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். நேரம் ரொம்பக் குறைவு என்றால் ஃபைபர் கிளாஸ் முட்டை வண்டிகளைத் தேடுங்கள். கனடாவின் வின்னிபெக்கில் 1968-இல் தொடங்கிய போலர், அதைப் பார்த்து மின்னசோட்டாவில் வந்த ஸ்காம்ப் மாதிரியானவை. மேல் பாதி, கீழ்ப் பாதி என அச்சில் வார்த்த இரண்டு ஓடுகளை நடுவில் ஒட்டியிருப்பார்கள், சுவருக்குள் மரச்சட்டம் இல்லாததால் சுவர் மக்காது. தரையை மட்டும் கவனித்தால் போதும்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. எதையும் உடைப்பதற்கு முன் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். முதல் காரணம் எலி. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் எலிப் புழுக்கை கட்டாயம் இருக்கும், அதைக் காய்ந்தபடி பெருக்கினால் ஹான்டா வைரஸ் தூசியோடு மூக்குக்குள் போகும் ஆபத்து உண்டு. பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுக்க வேண்டும். அடுத்தது ஈயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல், அதற்கு முந்தைய பெயின்ட் எதையும் சோதிக்காமல் தேய்க்காதீர்கள். தரையில் பழைய வினைல் ஓடுகள் இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். இதெல்லாம் முடிந்து சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.

கழற்றும்போது மாமா வைத்த விதி ஒன்றுதான்: எண் போடாமல் எதுவும் கீழே இறங்கக்கூடாது. எட்டாவது படிக்கும் மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தோம். தகரம், பீடிங், ஜன்னல், கீல், எல்லாவற்றுக்கும் எண் எழுதிய டேப் ஒட்டி, எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறி போட்டு, படம் எடுத்து, நோட்டில் வரைந்து வைத்தாள். திரும்பப் பூட்டும்போது பெரியவர்கள் எல்லோரும் அவளைக் கேட்டுத்தான் வேலை செய்தோம். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது என்றால் இப்படிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். கடைசி நாளில் ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது அவர்களுக்கும் பிடிக்காது. அவர்கள் இல்லாமல் வேலை நகராது என்கிற ஒரு பொறுப்பை முதல் நாளே கொடுங்கள். நாலாவது படிக்கும் மகன் ஜன்னல்களை எடுத்துக்கொண்டான். ஓரமெல்லாம் கல்லாகிப்போன பழைய புட்டியை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுப்பது, ஸ்டேப்பிள் பிடுங்குவது எல்லாம் அவன் துறை. அலுத்துப்போகிற வேலைதான், ஆனால் அப்பாரு, அதாவது அவன் தாத்தா, பக்கத்தில் உட்கார்ந்து பட்டறைக் கதை சொல்லிக்கொண்டே செய்ததால் அவன் எழுந்திருக்கவே இல்லை.

மரச்சட்டம் மாற்றுவதில் ஒரு முக்கியமான விஷயம். மக்கிய கட்டையை எல்லாம் ஒரே நாளில் பிடுங்கிவிட்டால் வண்டி தன் வடிவத்தையே மறந்துவிடும், கதவு மூடாது, தகரம் சேராது. உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்துத் தாங்க வைத்து, ஒன்றை எடுத்தால் ஒன்றைப் பொருத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எவ்வளவு மக்கிய துண்டாக இருந்தாலும் அதன் இடத்தில் புதிது உட்காரும்வரை தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் அளவு. வளைவான துண்டுகளுக்கு மாமா அட்டைப் பெட்டியில் வரைந்து, வெட்டி, வைத்துப் பார்த்து, திருத்தி, பிறகுதான் பிளைவுட்டில் ரம்பம் வைத்தார்.

இரும்புச் சட்டம், ஆக்சில், பிரேக், வீல் பேரிங் இவற்றைத் தெரிந்த பட்டறைக்குக் கொடுத்துவிட்டோம். பிரேக்கில் கற்றுக்கொள்ள ஆசைப்பட வேண்டாம். கேஸ் குழாயும் அப்படியே. பழைய கேஸ் விளக்குகளை நிரந்தரமாகத் துண்டித்துவிட்டோம், புரொபேன் லைனை உரிமம் உள்ள ஆள்தான் சோதித்தார். நாங்கள் சமைப்பதே வெளியில் வைக்கும் அடுப்பில்தான், கேம்பிங் வந்துவிட்டு உள்ளே தாளித்துக்கொண்டிருப்பானேன்? எப்படியானாலும் உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரமும் கேஸ் கசிவு அலாரமும் வையுங்கள்.

மின்சாரம் என் தொழில் என்பதால் அதை நானே செய்தேன், அதில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் எர்த் இல்லாத இரண்டு வயர்தான் ஓடும். அதை வைத்துக்கொண்டு புது பிளக் மட்டும் மாற்றாதீர்கள். மூன்று வயர் இழுத்து, எர்த் வயரை இரும்புச் சட்டத்தோடும் தகரத்தோடும் இணைக்க வேண்டும். வண்டிக்குள் இருக்கும் பிரேக்கர் பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாக இருக்க வேண்டும், வீட்டு மெயின் போர்டில் இருப்பது போல ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. இந்த இடம் தப்பினால் வெளித் தகரம் முழுக்கவே மின்சாரம் நிற்கும், ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிற பிள்ளைக்கு அது உயிராபத்து. இது புரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அந்தச் செலவில் கணக்குப் பார்க்காதீர்கள்.

தகரத்தைத் திரும்பப் பூட்டுவது கீழிருந்து மேல். ஓடு வேய்வது போலத்தான், மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும். ஒவ்வொரு பீடிங்குக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அடியில் பியூட்டைல் டேப், அதாவது ரப்பர் போல ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும் டேப், வைத்து இறுக்க வேண்டும், பிதுங்கி வருவதை இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி இறுக்கிவிட்டு வெட்டலாம். வெளியே எங்கேயும் சிலிக்கான் போடாதீர்கள். அது உரிந்துவிட்டால் அதன் எச்சத்தின் மேல் வேறு எதுவுமே ஒட்டாது, அடுத்த தடவை பழுது பார்ப்பது நரகம்.

உள்வேலை தொடங்கும் முன் ஹோஸ் சோதனை செய்யுங்கள், இந்தப் பதிலில் இதை ஒன்றையாவது மறக்க வேண்டாம். பிள்ளைகள் கையில் டார்ச்சும் சாக்பீஸும் கொடுத்து உள்ளே அனுப்புங்கள். நீங்கள் வெளியே நின்று கீழ்ப்பகுதியிலிருந்து தண்ணீர் காட்ட ஆரம்பியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, மெதுவாக ஜன்னல், அதற்கு மேல், கடைசியாகக் கூரை. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே நுழைந்தது என்றே தெரியாது. ஈரம் கண்ட இடத்தில் உள்ளே சாக்பீஸ் வட்டம். எங்கள் வண்டியில் ஜன்னல்கள் எல்லாம் தேறிவிட்டன, மேலே மூலையில் இருக்கும் சின்ன ஆரஞ்சு விளக்கின் ஸ்க்ரூ துளை வழியாக ஒரு சொட்டு இறங்கியதை மகள்தான் பிடித்தாள். அந்த ஒரு துளையை விட்டிருந்தால் புதுச் சுவர் சில வருடத்தில் கறுத்திருக்கும்.

உள்வேலை இதோடு ஒப்பிட்டால் சுகமானது. பிர்ச் பிளைவுட்டுக்கு ஆம்பர் ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷ் அடித்தால் அந்தக் காலத்துத் தேன் நிறம் வந்துவிடும், சீக்கிரம் காயும், ஆனால் ஸ்பிரிட்டில் கரைத்தது என்பதால் கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் அடியுங்கள். அலமாரி எப்படி இருந்தது என்று தெரியாமல் குழம்பினால் இண்டியானாவின் எல்கார்ட்டில் இருக்கும் ஆர்வி (இப்படித் தங்கிப் பயணிக்கும் வண்டிகள்) மியூசியத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். 1913-இல் செய்த டிரெய்லர் முதல் அங்கே இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொரு வண்டியிலும் எட்டிப் பார்த்து எங்கள் சமையல் மேடைக்கு யோசனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். மேடையையும் தண்ணீர்த் தொட்டியையும் மட்டும் இஷ்டத்துக்கு இடம் மாற்றாதீர்கள். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இருக்க வேண்டும், பின்னால் கனம் கூடினால் வேகத்தில் வண்டி வாலாட்டும், காரையும் சேர்த்து இழுக்கும். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடைமேடை இருக்கும், முதல் பயணத்துக்கு முன் அங்கே ஏற்றிப் பாருங்கள். நாங்கள் அப்படி எடை பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஒஹையோவிலேயே இருக்கும் ஹாக்கிங் ஹில்ஸ் மலைப் பகுதிக்குக் கிளம்பினோம், மாமா ஊருக்குத் திரும்புவதற்கு முன் அதில் படுத்துத் தூங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பிடிவாதமாக இருந்தது.

செலவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு வண்டியின் விலையை விட மரம், டேப், டயர், ஆக்சில் வேலை எல்லாம் சேர்த்து அதிகம் ஆனது. விற்று லாபம் பார்க்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், உங்கள் உழைப்புக்குக் கூலி போட்டால் கட்டாது. மழை பெய்யும்போது மேலே மூட ஒரு நல்ல தார்ப்பாய், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்த இடம், அதற்கு உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி, இவை இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பின் ஜன்னலுக்குக் கீழே இரண்டு மூலையையும், கட்டில் பெட்டிக்குள்ளேயும், கொக்கிப் பக்கத்துச் சட்டத்தையும் படம் எடுத்து இங்கே கருத்தில் போடுங்கள். விலை பேசுவதற்கு முன் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.