காபெர்னே ஃபிராங்க் வைனில் குடைமிளகாய் வாசம் ஏன் வருகிறது?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், நயாகரா தீபகற்பத்தில் எங்கள் குடும்பத்துக்கு 11 ஏக்கர் திராட்சைத் தோட்டம் உள்ளது. அதில் 4 ஏக்கர் காபெர்னே ஃபிராங்க் என்னும் சிவப்பு வைன் திராட்சை வகை. சென்ற ஆண்டு சர்க்கரை அளவு 23 பிரிக்ஸைத் தொட்ட பிறகே பறித்தோம். அப்படியிருந்தும் வைனில் பச்சைக் குடைமிளகாய் வாசம் தூக்கலாக வீசுகிறது. இவ்வாண்டு பறிப்பை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போடலாமா, குலைகளைப் பாதியாகக் குறைக்கலாமா?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நீங்கள் அக்டோபரில் தேடும் தீர்வு ஜூலை மாதத்தில் இருக்கிறது.

அந்த வாசத்துக்குக் காரணம் மெத்தாக்சிபைரசின் என்னும் சேர்மம். காபெர்னே ஃபிராங்குக்கும், அதற்கும் சோவினியோன் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த காபெர்னே சோவினியோனுக்கும் இது பிறவிக் குணம். ஒரு லிட்டர் சிவப்பு வைனில் ஏறத்தாழ 15 நானோகிராம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். காய்ப்பிடிப்பு முடிந்ததிலிருந்து காய் நிறம் மாறத் தொடங்குவதற்குச் சற்று முன்பு வரை இச்சேர்மம் காயில் சேர்ந்துகொண்டே போகிறது. அதன் பிறகு பழுக்கப் பழுக்கக் குறைகிறது. சர்க்கரை ஏறுவதும் இது இறங்குவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதால்தான் 23 பிரிக்ஸில் பறித்தும் உங்களுக்குப் பச்சை வாசம் தங்கிவிட்டது. மேலும், உங்கள் பகுதியில் அக்டோபர் பிற்பகுதியில் வெப்பம் குறைந்து உறைபனியில் இலைகள் கருகிவிட்டால், கொடியில் விட்டுவைத்த பழத்துக்கு மழையும் அழுகலும்தான் மிஞ்சும்.

ஆகவே சேருவதைத் தடுப்பதே வழி. வளரும் காயின் மீது வெயில் பட்டால் இச்சேர்மம் குறைவாகவே உண்டாகிறது. பூப்பு முடிந்து காய் மிளகு அளவில் இருக்கும்போது, குலையை மறைக்கும் அடி இலைகளைத் தளிருக்கு மூன்று அல்லது நான்கு வீதம் கிள்ளிவிடுங்கள். வரிசைகள் வடக்கு தெற்காக ஓடினால், காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தில் மட்டும் இதைச் செய்வது பாதுகாப்பானது. இளம் பருவத்திலேயே வெயிலுக்குப் பழகிய தோல் தாங்கிக்கொள்ளும். நிழலில் வளர்ந்த காயை ஆகஸ்டில் திடீரென்று திறந்துவிட்டால் அது வெந்துபோகும், வாசமும் பெரிதாகக் குறையாது. ஜூலை இறுதியில் பக்கக் கிளைகள் மீண்டும் அடைத்துக்கொண்டால் இன்னொரு முறை நீக்க வேண்டியிருக்கும். குடும்பத்தாரே கைப்பட வேலை செய்யும் தோட்டத்துக்கு இது பெரும் வசதி என்பேன், ஏனெனில் எந்தக் குலை இருட்டில் கிடக்கிறது என்பது கைக்குத்தான் தெரியும்.

கொடியின் அதிவீரியத்தையும் பாருங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை அடர்ந்து குலை நிழலில் மூழ்கும். வாசம் தானாக ஏறும். 2014, 2015 ஆகிய ஆண்டுகளின் கடுங்குளிரைப் போல மொட்டுகள் பல கருகிவிட்ட குளிர்காலத்துக்கு அடுத்த பருவத்தில், பிழைத்த சில மொட்டுகளுக்கே வேரின் முழு பலமும் சென்று முரட்டுத் தளிர்கள் கிளம்பும். அந்த ஆண்டில் தழைச்சத்து உரத்தைக் குறைத்து, வரிசைகளுக்கு நடுவே புல் வளர விடுவது நல்லது. இதே காரணத்தால் குலைகளைப் பாதியாகக் குறைப்பதையும் நான் பரிந்துரைக்கவில்லை. கொடி சுமக்க முடியாத அளவு காய்த்திருந்தால் ஒழிய, சுமை குறைந்த கொடி மிஞ்சிய பலத்தை இலையில்தான் காட்டும்.

இவை ஒருபுறமிருக்க, முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் தோட்டத்தில் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சையும் இருந்தால், அதே அறுவடையில் அதன் வைனிலும் பச்சை வாசமோ, வறுத்த வேர்க்கடலை வாடையோ வருகிறதா? வந்தால் குற்றவாளி பொறிவண்டாக இருக்கலாம், ஏனெனில் ரீஸ்லிங்குக்கு இயல்பாக இந்த வாசம் கிடையாது. சோயா வயல்களில் அசுவினியைத் தின்று வாழும் பலவண்ண ஆசியப் பொறிவண்டு, சோயா காய்ந்ததும் திராட்சைக்கு இடம்பெயர்ந்து, வெடித்த பழங்களில் சாறு குடித்துக் குலைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். பழத்தோடு அதுவும் நசுங்கினால், அதன் உடலிலுள்ள வேறொரு மெத்தாக்சிபைரசின் வைனில் கலந்துவிடுகிறது. 2001-ஆம் ஆண்டின் ஒன்ராறியோ வைன்கள் பலவற்றை இது கெடுத்தது. செயின்ட் கேதரின்ஸ் நகரிலுள்ள பிராக் பல்கலைக்கழகத்தினர் இதை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வைனில் கலந்த பிறகு இதை நீக்குவது மிகக் கடினம். எனவே பறவை வலை கட்டிப் பழம் வெடிக்காமல் காத்து, பறிக்கும் நாளில் குலைகளை உலுக்கி, பிரிக்கும் மேசையில் வண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். காம்புகளிலும் குடைமிளகாய்ச் சேர்மம் மிகுதியாக இருப்பதால், நொதிக்க வைக்கும் முன் அவற்றை முழுமையாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இவ்வாண்டு இரண்டு வரிசைகளில் மட்டும் இலை கிள்ளாமல் விட்டு, அவற்றின் பழத்தை அதே நாளில் பறித்து, தனிக் கலனில் நொதிக்க வையுங்கள். இரு வைன்களையும் அடுத்தடுத்து முகர்ந்து பார்த்தால், மேற்குப் பக்க இலைகளையும் சிறிது திறக்க வேண்டுமா என்பதை அடுத்த ஜூலைக்கு முன் நீங்களே முடிவு செய்யலாம்.