எவர்டனின் புள்ளிக் குறைப்பு: ரசிகர்கள் எங்கே முறையிட வேண்டும்?

இங்கிலாந்தின் எவர்டன் கால்பந்து கிளப்புக்கு 2023-24 பருவத்தில் விதிக்கப்பட்ட புள்ளிக் குறைப்பைப் பற்றியும், லீக் நிர்வாகத்தை எப்படி எதிர்கொள்வது என்று அதன் ரசிகர்களிடையே எழுந்த விவாதத்தைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பத்துப் புள்ளிகள் பறிக்கப்பட்டவுடன் எவர்டன் ரசிகர்களில் பலர் நேராக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றார்கள், சிலர் மேல்முறையீடே போதும் என்றார்கள். கிளப் மேல்முறையீட்டைத்தான் தேர்ந்தெடுத்தது. அது துணிவின்மை அல்லவா? (வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அல்ல. முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கின் அப்போதைய விதிப்படி, ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது. புதிய அரங்கம், இளையோர் பயிற்சி போன்றவற்றுக்கான செலவுகளைக் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு. அப்படிக் கழித்த பிறகும் 2021-22 வரையிலான கணக்கில் எவர்டனின் நட்டம் 12.45 கோடி பவுண்டு என்று வழக்கை விசாரித்த சுயேச்சை ஆணையம் கண்டது. வரம்பை மீறிய தொகை 1.95 கோடி. இதற்காக 2023 நவம்பர் 17 அன்று பத்துப் புள்ளிகள் கழிக்கப்பட்டன. பதினான்காம் இடத்தில் இருந்த அணி, நான்கே புள்ளிகளுடன் பத்தொன்பதாம் இடத்துக்கு இறங்கியது.

நீதிமன்றம் என்ற யோசனை உணர்ச்சிக்கு உகந்ததாக இருந்தாலும், அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டே இருக்கிறது. பிரீமியர் லீக் என்பது இருபது கிளப்புகளும் ஆளுக்கொரு பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனம். பங்கை ஏற்கும்போதே, தகராறுகளை லீக்கின் சொந்தத் தீர்ப்பாய நடைமுறைக்குள் தீர்த்துக்கொள்வதாக ஒவ்வொரு கிளப்பும் ஒப்புக்கொள்கிறது. அதை மீறி வெளியே போனால், ‘நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இதோ’ என்ற பதிலைத்தான் முதலில் கேட்க நேரும். அதற்குள் பருவமும் முடிந்துவிடும். கீழ்ப்பிரிவுக்குத் தரமிறங்கும் ஆபத்தில் இருக்கும் ஓர் அணிக்கு, மே மாதத்துக்கு முன் கிடைக்கும் நான்கு புள்ளிகள் மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் நீதியைவிடப் பெரியவை.

அந்த நான்கு புள்ளிகள் கிடைக்கவும் செய்தன. மேல்முறையீட்டில் எவர்டன் ஒன்பது காரணங்களை முன்வைத்தது. அவை அனைத்தும் தண்டனையின் அளவைப் பற்றியவை, விதிமீறல் நடந்ததா என்பதைப் பற்றியவை அல்ல. ஒன்பதில் இரண்டு ஏற்கப்பட்டன. புதிய அரங்கத்துக்கான கடன் விவரத்தில் கிளப் நேர்மை தவறியதாக ஆணையம் கூறியது தவறு என்பது ஒன்று. கைவசம் இருந்த ஒப்பீடுகளை, குறிப்பாகக் கீழ்ப்பிரிவுகளை நடத்தும் இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்கின் தண்டனை வழிகாட்டுதல்களை, ஆணையம் கணக்கில் எடுக்காதது தவறு என்பது மற்றொன்று. 2024 பிப்ரவரி 26 அன்று தண்டனை ஆறு புள்ளிகளாகக் குறைந்தது. 2010-இல் திவால் நிர்வாகத்துக்குள் போன போர்ட்ஸ்மத் கிளப்புக்கே ஒன்பது புள்ளிகள்தான் கழிக்கப்பட்டன என்பதை நினைத்துப் பார்த்தால், பத்து என்ற எண் எவ்வளவு விசித்திரமானது என்பது புரியும்.

கேள்வி: மான்செஸ்டர் சிட்டி மீது நிதி விதிகள் தொடர்பாக 115 குற்றச்சாட்டுகள் இருந்தும் நடவடிக்கை இல்லை, ஒரே குற்றச்சாட்டுக்கு எவர்டனுக்கு உடனடித் தண்டனை. இது பாரபட்சம் என்று ரசிகர்கள் வாதிட்டது சரிதானே? (நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: இந்த வாதத்தின் மேல் எனக்கு அனுதாபம் உண்டு, நம்பிக்கை குறைவு. சிட்டியின் மீது 2023 பிப்ரவரியில் குற்றச்சாட்டுகள் அறிவிக்கப்பட்டன. எவர்டனின் வழக்கு அடுத்த மாதமே ஆணையத்துக்கு அனுப்பப்பட்டு, நவம்பரில் தீர்ப்பும் வந்துவிட்டது. சிட்டிக்கோ 2024 செப்டம்பரில்தான் விசாரணையே தொடங்கியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பணக்காரனுக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு ஒரு நியாயம் என்றே தோன்றும். ஆனால் எவர்டன் விதிமீறலை ஒப்புக்கொண்டுவிட்டது. தீர்மானிக்க வேண்டியிருந்தது மீறலின் அளவையும் தண்டனையையும் மட்டும்தான். சிட்டி எல்லாவற்றையும் மறுத்தது. 2009-இலிருந்து பல பருவங்களின் ஆவணங்களைத் தோண்ட வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டவரின் வழக்கு முதலில் முடிவது எந்த மன்றத்திலும் இயல்பு.

ரசிகர்கள் இதைவிட வலுவான ஒரு வாதத்தைக் கையில் வைத்திருந்தும், அதற்குக் குறைவான குரலே கொடுத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2023 ஆகஸ்டில், பிரீமியர் லீக் தண்டனைக்கு ஒரு வாய்ப்பாட்டை முன்வைத்தது: அடிப்படையாக ஆறு புள்ளிகள், வரம்பை மீறிய ஒவ்வொரு 50 லட்சம் பவுண்டுக்கும் மேலும் ஒரு புள்ளி. எவர்டன் மீறிய 1.95 கோடிக்கு இந்த வாய்ப்பாட்டைப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழப் பத்து வரும். அந்த வாய்ப்பாட்டை ஏற்கவில்லை என்று ஆணையம் சொன்னது; ஆனாலும் பத்தில்தான் வந்து நின்றது. குற்றம் சாட்டும் தரப்பே ஆட்டத்தின் நடுவில் அளவுகோலை எழுதித் தருவது முறைதானா என்பதே உண்மையான நிர்வாகக் கேள்வி. எவர்டன் ரசிகரும் மான்செஸ்டர் பெருநகர மேயருமான ஆண்டி பர்னம் லீக்குக்கு எழுதிய கடிதத்தில் அழுத்திக் கேட்டது இதைத்தான். சிட்டியைச் சுட்டிக்காட்டிய ஆயிரம் குரல்களைவிட இந்த ஒரு கேள்வி லீக்கைக் கூடுதலாகச் சங்கடப்படுத்தியிருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி: எவர்டன் ரசிகர்கள் எதிர்ப்பாக உயர்த்திய இளஞ்சிவப்பு அட்டைகள், விமானத்தில் பறந்த பதாகை ஆகியவற்றால் ஏதாவது பயன் விளைந்ததா? (காரைக்காலிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: லீக்கை ஊழல் அமைப்பென்று குற்றம் சாட்டும் பதாகை, சிட்டியும் லிவர்பூலும் மோதிய நாளில் எத்திஹாட் அரங்கத்தின் மேல் பறந்தது. மறுநாள், 2023 நவம்பர் 26 அன்று, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தில் எவர்டனின் அப்போதைய சொந்த அரங்கமான குடிசன் பார்க் முழுவதும் அதே குற்றச்சாட்டைத் தாங்கிய இளஞ்சிவப்பு அட்டைகள் உயர்ந்தன. அந்த ஆவேசம் அடங்குவதற்குள், மூன்றாவது நிமிடத்திலேயே யுனைடெட்டின் கர்னாச்சோ தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோல் உள்ளே போனது. எவர்டன் 0-3 எனத் தோற்றது. எதிர்ப்பு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் பந்து அதைப் பொருட்படுத்துவதில்லை.

மேல்முறையீட்டு வாரியத்தின் முன் அந்த அட்டைகளுக்கு எந்த மதிப்பும் இல்லை, இருக்கவும் கூடாது. அரங்கத்தின் கூச்சலைக் கேட்டுப் புள்ளிகளைத் திருப்பித் தரும் மன்றம், நாளை வேறொரு அரங்கத்தின் கூச்சலைக் கேட்டு அவற்றைப் பறிக்கவும் செய்யும். ஆனால் அரசியல்வாதிகளும் செய்தித்தாள்களும் கேட்பது வேறு காதால். கால்பந்துக்குச் சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பு வேண்டுமா என்ற விவாதம் நாடாளுமன்றத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலம் அது; அந்த அட்டைகளுக்கு அங்கே எடை இருந்தது. எந்தச் சொல்லை எந்த மன்றத்தில் சொல்வது என்பதில்தான் ரசிகர்கள் குழம்பினார்கள். ஊழல் என்ற சொல்லுக்கு ஆதாரம் கேட்டால் யாரிடமும் பதில் இருக்கவில்லை. முறைகேடான நடைமுறை என்று சொல்லியிருந்தால் வாய்ப்பாட்டையே ஆதாரமாக நீட்டியிருக்கலாம்.

கேள்வி: அதே பருவத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரெஸ்டும் பின்னர் லெஸ்டரும் வழக்கை வேறு விதமாக நடத்தின. யாருடைய உத்தி சிறந்தது? (சிவகங்கையிலிருந்து ஒரு வழக்கறிஞர்)

பதில்: ஃபாரெஸ்டின் வரம்பு 6.1 கோடி பவுண்டு மட்டுமே, ஏனெனில் கணக்கிடப்பட்ட மூன்று பருவங்களில் இரண்டை அது கீழ்ப்பிரிவில் கழித்திருந்தது. மீறல் 3.45 கோடி, அதாவது எவர்டனைவிட மிக அதிகம். ஆனாலும் தண்டனை நான்கு புள்ளிகள். ஆறிலிருந்து இரண்டு குறைந்ததற்குக் காரணம், தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு விசாரணைக்கு ஒத்துழைத்தது. பிரென்னன் ஜான்சனைக் கணக்காண்டு முடிவதற்குள் விற்காமல், நல்ல விலைக்குக் காத்திருந்து செப்டம்பரில் டாட்டனமுக்கு 4.75 கோடிக்கு விற்றது பொறுப்பான செயல்தானே என்ற அவர்களின் வாதம் எடுபடவில்லை, மேல்முறையீடும் தள்ளுபடியானது.

லெஸ்டர் வேறு வழியில் போனது. செலவு நியாயமானதா என்ற விவாதத்துக்குள்ளேயே அது இறங்கவில்லை. 2023 ஜூன் 30 அன்று கணக்காண்டு முடிந்தபோது நாங்கள் பிரீமியர் லீக்கின் உறுப்பினரே அல்லர், தரமிறங்கிப் பங்கையும் ஒப்படைத்துவிட்டோம், எனவே எங்களை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமில்லை என்றது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அதை ஏற்றுக்கொண்டது. வழக்கறிஞரான உங்களுக்கு அந்தத் தீர்ப்பு சுவைக்கும். ஏனைய பத்தொன்பது கிளப்புகளின் ரசிகர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். அதற்குப் பிந்தைய பருவத்துக்காக லெஸ்டர் மீது புதிய குற்றச்சாட்டு 2025-இல் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதியின் வரிகளுக்கு இடையே நுழைந்து தப்புவது ஒரு முறைதான் பலிக்கும்.

மான்செஸ்டர் சிட்டியும் உரிமையாளருடன் தொடர்புள்ள நிறுவனங்களின் விளம்பர ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை எதிர்த்தபோது, நீதிமன்றத்துக்குப் போகாமல் லீக்கின் தீர்ப்பாயத்துக்குத்தான் போனது. பங்குதாரர்கள் தரும் வட்டியில்லாக் கடன்களை அந்த விதிகள் கண்டுகொள்ளாமல் விட்டது சட்டத்துக்கு முரண் என்று 2024 அக்டோபரில் தீர்ப்பானது. அத்தகைய கடன்களை உரிமையாளரிடமிருந்து பெருந்தொகையாகப் பெற்றிருந்த கிளப்புகளில் எவர்டனும் ஒன்று. எதிரியின் எதிரி நண்பன் என்று சிட்டியின் வழக்கைக் கொண்டாடிய எவர்டன் ரசிகர்கள், அதன் வெற்றி தங்கள் தலையில்தான் விழும் என்பதைக் கவனித்தார்களா என்பது ஐயம்தான்.

கேள்வி: ஜெர்மனியில் ரசிகர்கள் லீக்கையே பணிய வைத்தார்களே, இங்கிலாந்தில் ஏன் முடியவில்லை? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஜெர்மானிய ரசிகர் வெறும் பார்வையாளர் அல்லர், கிளப்பின் உறுப்பினர், பொதுக்குழுவில் வாக்குள்ளவர். பெரும்பான்மை வாக்கு உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது அங்கே சில விலக்குகளுடன் நடைமுறையில் உள்ள விதி. 2023 டிசம்பரில் ஒளிபரப்பு வருவாயில் எட்டு விழுக்காட்டை வெளி முதலீட்டாளருக்குக் கொடுத்து ஏறத்தாழ நூறு கோடி யூரோ பெறும் திட்டத்துக்கு, 36 கிளப்புகளில் 24 ஆதரவு தெரிவித்தன. தேவைப்பட்டதும் சரியாக 24-தான். அந்தக் கிளப்புகளில் ஒன்றான ஹானோவரின் உறுப்பினர் சங்கம் எதிர்த்து வாக்களிக்குமாறு தன் தொழில்முறைப் பிரிவின் தலைவர் மார்ட்டின் கிண்டுக்குக் கட்டளையிட்டிருந்தது, வாக்கெடுப்போ இரகசியம். அவர் கட்டளையை மீறினாரா என்ற சந்தேகம் பற்றிக்கொண்டதும் அரங்கங்களில் டென்னிஸ் பந்துகளும் சாக்லேட் நாணயங்களும் மழையாகப் பொழிந்தன. ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. 2024 பிப்ரவரி 21 அன்று திட்டம் கைவிடப்பட்டது.

டென்னிஸ் பந்துகளைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கோ ஹானோவர் சங்கத்தின் அந்தக் கட்டளைதான் முக்கியமாகப் படுகிறது. அது இல்லையென்றால் ரசிகர்களிடம் இருந்திருப்பது கோபம் மட்டும்தான். அது இருந்ததால் வாக்கெடுப்பின் செல்லுபடியே கேள்விக்குள்ளானது. எவர்டன் ரசிகர்களுக்கு அப்படி ஒரு வாக்கு இல்லை. அன்று கிளப் ஃபர்ஹாத் மொஷிரியின் கையில் இருந்தது, 2024 டிசம்பரில் ஃப்ரீட்கின் குழுமத்துக்குக் கைமாறியது. இரண்டு முறையும் ரசிகர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

கேள்வி: இந்தியன் சூப்பர் லீக்கில் கேரளா பிளாஸ்டர்ஸ் செய்தது போல ஆடுகளத்தை விட்டே வெளியேறினால்? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 2023 மார்ச்சில் பெங்களூருவில் எதிரணியின் சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக்கை நடுவர் கோலாக அறிவித்ததை எதிர்த்து அவர்கள் வெளியேறினார்கள். ஆட்டமும் போனது, நான்கு கோடி ரூபாய் அபராதமும் வந்தது, பயிற்சியாளர் வுகோமனோவிச்சுக்குப் பத்து ஆட்டத் தடையும் கிடைத்தது. நடுவரின் முடிவைப் பற்றி எழுந்திருக்க வேண்டிய விவாதம் வெளியேறியதைப் பற்றிய விவாதமாக மாறியது. வேண்டாம்.

கேள்வி: இப்போது சுயேச்சை ஒழுங்குமுறை அமைப்பு வந்துவிட்டதே. இனி இப்படிப்பட்ட புள்ளிக் குறைப்புகளை அதனிடம் முறையிடலாமா? எவர்டன் ரசிகர்கள் இனி என்ன செய்ய வேண்டும்? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 2025 ஜூலையில் அரச ஒப்புதல் பெற்ற கால்பந்து ஆளுகைச் சட்டம், ஆண்கள் கால்பந்தின் மேல் ஐந்து பிரிவுகளில் உள்ள கிளப்புகளுக்கு உரிமம் வழங்குதல், உரிமையாளர்களின் தகுதியைச் சோதித்தல், நிதிநிலையைக் கண்காணித்தல், முக்கியமான முடிவுகளில் ரசிகர்களைக் கலந்தாலோசிக்கச் செய்தல் ஆகிய அதிகாரங்களைப் புதிய அமைப்புக்குத் தருகிறது. லீக் தன் போட்டி விதிகளின்படி கழிக்கும் புள்ளிகளைத் திரும்பத் தரும் மேல்முறையீட்டு மன்றம் அதுவன்று. அப்படி எதிர்பார்த்தவர்கள் ஏமாறுவார்கள்.

எவர்டனை ஆறு புள்ளிகளும், அடுத்த கணக்குக்காக மேலும் இரண்டு புள்ளிகளும் இழக்க வைத்த விதி, 2013-இல் கிளப்புகளே வாக்களித்துக் கொண்டுவந்தது. அன்று எதிர்த்ததாகச் செய்திகளில் வந்த ஆறு கிளப்புகளில் எவர்டன் இல்லை. அந்த விதிக்குப் பதிலாக, அணிக்கான செலவை வருவாயில் 85 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் புதிய விதி 2026-27 பருவத்துக்கு என 2025 நவம்பரில் வாக்கெடுப்பில் நிறைவேறியதும் அதே மேசையில்தான். இருபதில் பதினான்கு வாக்குகள் சேர்ந்தால் எந்த விதியும் மாறும். அதில் ஒரு வாக்கு எவர்டனுடையது. அந்த வாக்கை எப்படிப் போடப்போகிறோம் என்று ரசிகர் ஆலோசனைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்வதையும், போட்ட பிறகு காரணத்தை எழுத்தில் வெளியிடுவதையும் கிளப்பிடம் நிபந்தனையாகக் கேட்கலாம். புதிய சட்டத்தின் கலந்தாலோசனைக் கடமை இதுவரை நீளுமா என்பதில் வழக்கறிஞர்கள் மாறுபடலாம். கேட்பதற்குச் சட்டம் தேவையில்லை.