ஜெர்மன்காரர்கள் முன்னால் முதல் பிரசன்டேஷன்

தம்பி, ஸ்டுட்கார்ட் வந்து 4 மாதம்தான் ஆகிறது, அடுத்த வாரம் 20 பேர் முன்னால் நின்று ஒரு டெஸ்டிங் மென்பொருளை வாங்கச் சொல்லி 15 நிமிடம் பேச வேண்டும், 30 ஸ்லைடு தயார், ஆனால் என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தை விடுங்கள், அவர்களுக்கும் அது தாய்மொழி இல்லை. எனக்குக் கவலை அந்த 30 ஸ்லைடுதான்.

நானும் வந்த புதிதில் அப்படித்தான் செய்தேன். எல்லாருக்கும் நன்றி, பிறகு ப்ராஜெக்ட் வரலாறு, பிறகு பின்னணி என்று நீட்டி முழக்கி, கேட்க வந்த விஷயத்தைக் கடைசி ஸ்லைடில் வைத்திருந்தேன். அங்கே போய்ச் சேருவதற்குள் நேரம் முடிந்து, முடிவெடுக்க வேண்டிய மனிதரே லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை, அவருக்கு அடுத்த மீட்டிங், அவ்வளவுதான். அதனால் முதல் நிமிடத்திலேயே போட்டு உடைத்துவிடுங்கள்: இது வேண்டும், வருடத்துக்கு இத்தனை யூரோ, இன்ன வேலையில் இத்தனை மணி நேரம் மிச்சமாகும். மிச்சக் கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள், அதற்கு மட்டும் ஒரு ஸ்லைடு.

எண்களில் ஒரு கண் இருக்கட்டும். இங்கே தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. ஆயிரத்தைப் பிரிக்கத்தான் புள்ளி. ஜெர்மனில் 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. ஆங்கில பில்லியன் இவர்களுக்கு மில்லியார்டே, அதாவது நூறு கோடி. இவர்கள் 'பில்லியோன்' என்றால் அது லட்சம் கோடி. ஸ்லைடில் எதைப் போட்டாலும் வாயால் ஒரு முறை முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கேள்வி. நம் ஊரில் பெரியவர் ஒருவர் எழுந்து "இது சரிப்படாது" என்றால் அத்தோடு கதை முடிந்தது. இங்கே அப்படிச் சொல்கிறவர்தான் உங்கள் பேச்சை ஒழுங்காகக் கேட்டிருக்கிறார், அடுத்த நிமிடம் அவரே உங்களோடு காபி குடிக்க வருவார். உங்கள் விஷயத்தில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று இந்த மென்பொருள் பதிவு செய்யுமா? செய்யும் என்றால், உங்கள் கம்பெனியில் பெட்ரீப்ஸ்ராட் (ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் குழு) இருக்கும் பட்சத்தில் அவர்கள் சம்மதம் இல்லாமல் அதைக் கொண்டுவர முடியாது, அது சட்டம். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். என்ன பதிவாகும், எதை அணைத்து வைக்கலாம், இந்த மென்பொருளால் எது முடியாது, எல்லாவற்றையும் நீங்களே சொல்லுங்கள். குறையை மறைத்து மாட்டிக்கொண்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் நல்லதையும் நம்ப மாட்டார்கள்.

முடிந்ததும் கைதட்டாமல் விரல் முட்டியால் மேசையைத் தட்டினால் பயப்படாதீர்கள். பல்கலைக்கழக வகுப்பறைப் பழக்கம் அது, பாராட்டுதான். முதல் தடவை யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

சரி, ஸ்லைடை மூடி வைத்துவிட்டு, பேசப்போவதை வாய்விட்டுச் சொல்லி போனில் பதிவு செய்து பாருங்கள். 11 நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள், மீதி கேள்விக்கு வேண்டும். முதல் மூன்று வாக்கியங்களை இங்கேயே எழுதிப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன். அன்றைக்குக் கடையெல்லாம் மூடிக் கிடக்கும், எனக்கும் வேறு வேலை இல்லை.