டிக்கெட் தாள் கூழாகிவிட்டது, கோர்ட்டில் பெயரும் இல்லை: வர்ஜீனியா கேஸை எங்கே தேடுவது?

கேள்வி: வணக்கம் மேடம். நான் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன், ஹெச்1பி வேலை விசா. வட கரோலினா ராலேயில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் போகும்போது, வர்ஜீனியாவில் ஐ-95இல் ஷெரிஃப் ஆபீஸ் வண்டி ஒன்று நிறுத்தியது. 70 மைல் வேக எல்லையில் 91 போனதாக டிக்கெட். கையெழுத்துப் போட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை அப்படியே வாஷிங் மெஷினுக்குப் போய், தாள் கூழாகிவிட்டது. கோர்ட் தேதியை மட்டும் அன்றைக்கே போனில் குறித்து வைத்திருந்தேன். எந்தக் கோர்ட் என்று நினைவில்லை. ஸ்டோனி கிரீக்கில் பெட்ரோல் போட்டுவிட்டுத் தெற்கே கிளம்பிய சில நிமிடங்களில் நிறுத்தினார்கள். எம்போரியா கோர்ட்டில் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. "கேஸே போடாமல் விட்டிருப்பார்கள்" என்கிறார் ஒரு நண்பர். "ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்" என்கிறார் இன்னொருவர். டிசம்பரில் சென்னையில் விசா ஸ்டாம்பிங். நான் என்ன செய்ய வேண்டும்?
– எஸ்.கே.

பதில்: அன்புள்ள எஸ்.கே., இரண்டு நண்பர்கள் சொன்னதையும் ஓரமாக வையுங்கள். கேஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் பணம் கட்டி முடிக்கிற கேஸும் அல்ல.

வர்ஜீனியாவில் அனுமதித்த வேகத்துக்கு மேல் 20 மைலோ அதற்கு அதிகமோ போனாலும், எங்கேயாக இருந்தாலும் 85ஐத் தாண்டினாலும் அது 'ரெக்லெஸ் டிரைவிங்', அதாவது அபாயகரமாக ஓட்டிய குற்றம். சட்டப் பிரிவு 46.2-862. 2020 ஜூலை வரை அந்த எல்லை 80ஆக இருந்தது, இப்போது 85. உங்கள் 91, '20 மைல் அதிகம்', '85க்கு மேல்' என்ற இரண்டு கணக்கிலும் மாட்டுகிறது. நியூஜெர்சியில் இதே வேகத்துக்கு அபராதமும் லைசென்ஸில் பாயிண்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். வர்ஜீனியாவில் இது கிரிமினல் குற்றம், முதல் வகுப்பு மிஸ்டிமீனர் (சிறு குற்றங்களில் கடுமையான வகை). அதிகபட்சம் 12 மாத ஜெயில், 2,500 டாலர் அபராதம் என்பது சட்டப் புத்தகக் கணக்கு. முதல் தடவை மாட்டியவரை, விபத்தும் இல்லாதபோது, 91க்காக உள்ளே போடுவது அபூர்வம். அதனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இந்தப் பிரிவில் வரும் கேஸை ஆன்லைனில் பணம் கட்டி முடிக்க வழியில்லை. கோர்ட்டில் ஆஜராக வேண்டும். டிக்கெட்டில் நீங்கள் போட்ட கையெழுத்தும் குற்றத்தை ஒப்புக்கொண்டது அல்ல, ஆஜராவேன் என்று கொடுத்த வாக்குறுதி.

சரி, எந்தக் கோர்ட்? நீங்கள் தேடிய இடமே தவறு என்று நினைக்கிறேன். வர்ஜீனியாவில் நகரங்கள் கவுண்டிக்குள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அடங்காதவை. எம்போரியா நகரம் தனி, அதைச் சுற்றியுள்ள கிரீன்ஸ்வில் கவுண்டி தனி. தேடும் பக்கத்தில் நகரத்தைத் தேர்ந்தெடுத்தால் கவுண்டி கேஸ் வராது. அப்புறம், இந்த மாநிலத்தில் எக்ஸிட் எண் என்பது தெற்கு எல்லையிலிருந்து எத்தனையாவது மைல் என்ற கணக்கு. எம்போரியா 11ஆம் எக்ஸிட், ஸ்டோனி கிரீக் 31. சில நிமிடங்களில் நிறுத்தினார்கள் என்றால் எம்போரியாவுக்கு வெகு முன்னாலேயே பிடித்திருக்கிறார்கள். அந்தப் பகுதி சசெக்ஸ் கவுண்டி. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஜாரட் ஊரை ஒட்டித்தான் கிரீன்ஸ்வில் எல்லை வருகிறது. நிறுத்தியது ஷெரிஃப் வண்டி என்கிறீர்கள், அதுவும் ஒரு துப்பு. மாநிலப் போலீஸான ஸ்டேட் ட்ரூப்பர் மாநிலம் முழுக்கச் சுற்றுவார், ஷெரிஃப் ஆள் தன் கவுண்டிக்குள்தான் டிக்கெட் எழுதுவார். வண்டிக் கதவில் இருந்த கவுண்டிப் பெயர் நினைவுக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் முதலில் சசெக்ஸ் ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் (டிராஃபிக் கேஸை விசாரிக்கும் கீழ்க்கோர்ட்) தேடுங்கள், அப்புறம் கிரீன்ஸ்வில். மாநில நீதித்துறையின் தேடல் தளத்தில் ஒவ்வொரு கோர்ட்டாகவும் தேடலாம், மாநிலம் முழுவதற்கும் சேர்த்தும் தேடலாம். இலவசம்தான். கூகுளில் மேலே வந்து நிற்கிற, கிரெடிட் கார்டு கேட்கிற தளங்கள் பக்கம் போக வேண்டாம்.

கோர்ட் சரியாக இருந்தும் பெயர் வராமல் போகலாம். நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. தேடும் கட்டம் கடைசிப் பெயர், கமா, முதல் பெயர் என்று கேட்கும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்தில் ஏறிவிடும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு ('ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்', முதல் பெயர் தெரியாது) என்று மூன்று எழுத்து வரும். லைசென்ஸும் அதே மாதிரிதான் இருக்கும். டிக்கெட் எழுதுபவர் லைசென்ஸைப் பார்த்துத்தான் எழுதுகிறார். ஆகவே ஆபீஸில் கூப்பிடுகிற பெயரை மறந்துவிட்டு, லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ள வரிசையிலேயே போடுங்கள். பிறகு திருப்பிப் போடுங்கள். அப்பா பெயர் முன்னால், உங்கள் பெயர் பின்னால் என்று ஒருமுறை. செந்தில்குமார் ஒரே வார்த்தையா, செந்தில் தனி குமார் தனியா என்று ஒருமுறை. நீளமான பெயரில் முதல் நாலைந்து எழுத்து மட்டும் போட்டும் பாருங்கள், கடைசி எழுத்துகளில் யாராவது தப்புப் பண்ணியிருக்கலாம்.

இதையெல்லாம் விட நல்ல வழி உங்களிடமே இருக்கிறது: கோர்ட் தேதி. அந்தத் தளத்தில் தேதியை வைத்தும் தேடலாம். அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் இருக்கிற கேஸ் எல்லாம் பட்டியலாக வரும். ஐ-95 ஓடுகிற கிராமப்புறக் கவுண்டியில் டிராஃபிக் நாள் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாக இறங்கிப் போனால் 91/70 என்ற எண்களுக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் ஏதோ ஒரு கோலத்தில் நிற்கும். இன்னும் ஏறாமலும் இருக்கலாம். கையால் எழுதிய டிக்கெட் கோர்ட்டுக்குப் போய்க் கணினியில் ஏற நாள் பிடிக்கும். எனவே கிளார்க் ஆபீஸுக்குப் போன் செய்து பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, பிறந்த தேதியையும் கோர்ட் தேதியையும் கொடுங்கள். சின்ன ஊர்க் கோர்ட்டில் ஒரு வசதி, பெரும்பாலும் ஒரு ஆளே எடுத்துப் பேசுவார். கேஸ் எண், பிரிவு, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். "நான் வக்கீல் வைக்கணுமா?" என்று அவரிடம் கேட்காதீர்கள், சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

பிரிவு 862 என்று வந்தால், உள்ளூரில் பழகிய வக்கீலை வையுங்கள் என்பதுதான் என் கருத்து. சாதாரண ஸ்பீடிங் டிக்கெட்டுக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன். எடிசனிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வர வேண்டும், திரும்பவும் போக வேண்டும். இந்த வேகத்துக்கு வக்கீல் மட்டும் உங்களுக்காக ஆஜராவதைப் பல கோர்ட்டுகள் ஏற்கின்றன. சசெக்ஸில் எப்படி என்று அவரே சொல்லிவிடுவார்.

நோக்கம் விடுதலை வாங்குவது அல்ல, குற்றத்தின் தரத்தைக் குறைப்பது. ரேடாரைச் சோதித்த சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம்; கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நாள் முழுக்க டிக்கெட் எழுதுவதே வேலையாக இருக்கும் ஷெரிஃப் ஆளிடம் அந்தத் தாள் கைவசம் இருக்கும். அதைவிட உங்கள் காரின் ஸ்பீடோமீட்டரைக் கடையில் சோதித்துச் சான்று வாங்குங்கள். மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்றால், தீர்ப்பிலும் தண்டனையிலும் ஜட்ஜ் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நியூஜெர்சி டிரைவிங் ரெக்கார்டு சுத்தமாக இருந்தால் அதன் நகல். எட்டு மணி நேரம் ஓடும் டிரைவர் இம்ப்ரூவ்மென்ட் வகுப்பை முன்கூட்டியே முடித்த சான்று. எல்லாம் தாளில் இருக்கட்டும். பல கோர்ட்டுகளில் வாசலிலேயே போனைத் திருப்பிவிடுவார்கள், பிடிஎஃப் காட்டலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது.

தவறு சிறியது என்று ஜட்ஜ் நினைத்தால் 46.2-869இன் கீழ் 'இம்ப்ராப்பர் டிரைவிங்' (முறையற்று ஓட்டியது) என்று குறைக்கலாம், அல்லது வெறும் ஸ்பீடிங்காக மாற்றலாம். இரண்டுமே கிரிமினல் குற்றம் அல்ல. உங்களுக்கு எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவம் கைது ஆனீர்களா, தண்டனை பெற்றீர்களா என்று கேட்கும். 862இல் தண்டனை விழுந்தால் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். வேகத்துக்காக மட்டும் வந்த ஒரு ரெக்லெஸ் தண்டனைக்கு விசா மறுப்பது வழக்கமல்ல, மறைத்தால்தான் சிக்கல். நாளைக்கு கிரீன் கார்டு போடும்போதும், கைது இல்லாமல், மது, போதை சம்பந்தமில்லாமல், 500 டாலருக்குக் கீழே அபராதத்தோடு முடிந்த டிராஃபிக் கேஸுக்குப் பொதுவாக ஆவணம் இணைக்கச் சொல்வதில்லை. ஆகவே அபராதம் 500க்குக் கீழே இருக்கட்டும் என்று வக்கீலிடம் முன்பே சொல்லிவையுங்கள். படிவத்தை அனுப்புமுன் கம்பெனியின் இமிக்ரேஷன் வக்கீலிடமும் தீர்ப்பைக் காட்டிவிடுங்கள். நியூஜெர்சியில், வெளி மாநிலத்து டிரைவிங் குற்றத்துக்கு இரண்டு பாயிண்ட் ஏறும். அதை விட்டுவிடலாம்.

தேதியைத் தவற விடாதீர்கள். வராமல் போனால் நீங்கள் இல்லாமலேயே தண்டனை விதிக்கலாம், பிடிவாரண்டும் போடலாம். ஊருக்குப் போகும் தேதியோடு மோதினால் இப்போதே தள்ளிவைக்கக் கேட்கலாம், ஆனால் கேஸை நிலுவையில் விட்டுவிட்டு ஸ்டாம்பிங்குக்குப் போவதை நான் விரும்பவில்லை. தீர்ப்பு பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் மேல் கோர்ட்டான சர்க்யூட் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். அங்கே முதலிலிருந்து புதிதாக விசாரிப்பார்கள். 60 நாளுக்குள் தக்க காரணம் காட்டி அதே கோர்ட்டில் கேஸைத் திரும்பத் திறக்கக் கேட்கவும் வழி உண்டு.

முடிந்த அன்றே ஒரு வேலை. இந்தக் கோர்ட்டில் நடந்ததையெல்லாம் தட்டச்சு செய்து வைப்பதில்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஜட்ஜ் குறிக்கும் டிக்கும் கையெழுத்தும்தான் தீர்ப்பு. அந்தத் தாளின் முன், பின் இரண்டு பக்கத்துக்கும் முத்திரையிட்ட சான்று நகல் கிளார்க்கிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாங்கிவிடுங்கள்: ஒன்று சென்னைக்கு எடுத்துப் போக, இன்னொன்று கிரீன் கார்டு ஃபைலில். இந்தக் கோர்ட்டுகளில் கேஸ் தாள்களை 10 வருடம்தான் வைத்திருக்கிறார்கள், நம் கிரீன் கார்டு வரிசை அதைவிட நீளம்.